செய்கூலிக்கு ஒரு வாட்ச்: முதல் விலையுயர்ந்த கைக்கடிகாரம் வாங்கப் போகிறவர்களுக்கு

ஆச்சி (எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மகன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. போன தீபாவளிக்குக் காரைக்குடி வந்திருந்தான். மதியச் சாப்பாடு முடிந்து முற்றத்தை ஒட்டிய வளவில் உட்கார்ந்திருந்தபோது மெதுவாக ஆரம்பித்தான்.

"அம்மான், ஒரு நல்ல வாட்ச் வாங்கலாம்னு இருக்கேன். ரெண்டு லட்சம் வரைக்கும் சேத்து வெச்சிருக்கேன். எது வாங்கலாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டாம் கட்டிலிருந்து ஆச்சியின் குரல் வந்தது. "ரெண்டு லட்சத்துக்கு எத்தனை பவுன் வரும்னு அவனக் கேளு."

இரண்டு பேர் கேட்டதும் நியாயமான கேள்விதான். அன்று சாயங்காலம் வரை பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நான் வாட்ச் கடைக்காரன் இல்லை, ரிப்பேர் செய்கிறவனும் இல்லை. இருபது வருடமாகக் கடிகாரப் பைத்தியம், அவ்வளவுதான்.

ஆச்சியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். வளையல் வாங்கினால் பில்லில் தங்கத்தின் விலை ஒரு வரி, செய்கூலி சேதாரம் இன்னொரு வரி. தங்கம்தான் பெரிய தொகை. செய்கூலி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சந்தோஷம். நாளைக்குப் பணமுடை வந்தால் செய்கூலி போகும், தங்கம் நிற்கும். நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை.

இப்போது இரண்டு லட்ச ரூபாய் ஸ்டீல் வாட்சுக்கு அதே மாதிரி ஒரு பில் போட்டுப் பாருங்கள். செயினோடு சேர்த்து எடை நூறு, நூற்றைம்பது கிராம். பழைய இரும்புக்காரரிடம் போட்டால் ஒரு டீக்குத் தேறாது. மீதி முழுக்கச் செய்கூலி. வடிவமைத்தவர், பல்சக்கரம் வெட்டியவர், ஒவ்வொரு விளிம்பையும் இழைத்தவர், கோத்தவர், சோதித்தவர், அதோடு பத்திரிகையில் முழுப்பக்கம் விளம்பரம் கொடுத்தவர், ஏசி கடையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தவர் வரை எல்லாருடைய கூலியும் அதில் அடக்கம். கடையை விட்டு வெளியே வந்த மறுநாளே விற்கப் போனால் பெரும்பாலான வாட்சுகளுக்குக் கொடுத்த விலை திரும்பாது. ரோலெக்ஸின் சில ஸ்டீல் மாடல்கள் விதிவிலக்கு. ஆனால் அவை கேட்டவுடன் கிடைக்காது, காத்திருப்போர் பட்டியல் உண்டு. தங்க வாட்சிலும் இதே கதைதான். 18 காரட் என்றால் நூற்றுக்கு 75 பங்கு தங்கம், உண்மை. உருக்கினால் வருகிற தொகையோ புதிதாக வாங்கிய விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

ஆகவே 'வாங்கிப் போட்டால் விலை ஏறும்' என்பதுதான் உங்கள் காரணம் என்றால் ஆச்சி சொல்வதே சரி, பவுன் வாங்குங்கள். செய்கூலிக்காகவே காசு கொடுக்க மனசு வருகிறதா, அந்த வேலைப்பாட்டைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம் வருகிறதா? அப்படியானால் மேலே படியுங்கள்.

சரி, இவ்வளவு கூலி கொடுத்தால் மணியாவது துல்லியமாகக் காட்டுமா? இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் திடுக்கிடுவார்கள். ஆயிரம் ரூபாய்க்கு வாங்குகிற செல் போட்ட குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்கு ஏறக்குறைய 15 விநாடி முன்பின்னாக ஓடும். சுவிட்சர்லாந்தின் 'கோஸ்க்' சோதனையில் தேறி 'குரோனோமீட்டர்' பட்டம் வாங்கிய, செல் இல்லாமல் ஓடும் மெக்கானிக்கல் வாட்சுக்கே நாளொன்றுக்கு 4 விநாடி தாமதம் முதல் 6 விநாடி வேகம் வரை அனுமதி உண்டு. மாதக் கணக்கில் அது மூன்று நிமிடம் வரை போகலாம். ஐந்து லட்சம் கொடுத்தவர் ஆயிரம் கொடுத்தவரிடம் மணி கேட்டுத் திருத்திக்கொள்ளவேண்டிய நிலை!

இது ஏன் என்று புரிய, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவேண்டும். எங்கள் வீட்டு வளவில் ஒரு பெண்டுல கடிகாரம் இருந்தது. ஐயா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முக்காலி போட்டு ஏறி அதற்குச் சாவி கொடுப்பார். சாவியைத் திருகினால் உள்ளே ஒரு சுருள்வில் இறுகும். இறுகிய வில் விரியப் பார்க்கும், அந்த விசைதான் பல்சக்கரங்களைச் சுற்றும். அப்படியே விட்டால் கடகடவென்று சுற்றி ஒரே நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிள்ளையார்பட்டியில் சதுர்த்தி அன்று கூட்டத்தை மொத்தமாகத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? வாசலில் ஒருவர் நின்று ஆள் ஆளாக உள்ளே விடுவாரே, அந்த வேலையைக் கடிகாரத்தில் ஒரு சின்ன நங்கூர வடிவ உறுப்பு செய்கிறது. ஒரு பல்லை விடும், அடுத்ததைப் பிடிக்கும். அந்தப் பிடித்து விடுகிற சத்தத்தைத்தான் நாம் 'டிக் டிக்' என்கிறோம். எத்தனை வேகத்தில் விடவேண்டும் என்று தாளம் போடுவது பெண்டுலம்.

கைக்கடிகாரத்தில் பெண்டுலம் தொங்கவிட முடியாது. அதற்குப் பதில் ஒரு சின்னச் சக்கரம், அதன் நடுவே முடி மாதிரி மெல்லிய ஹேர் ஸ்பிரிங். அந்தச் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடும். இன்றைய வாட்சுகள் பலவற்றில் மணிக்கு 28,800 ஆட்டம், அதாவது விநாடிக்கு 8. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 7 லட்சம், வருடத்துக்கு 25 கோடி. இத்தனையும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடத்துக்குள், ஒரு சொட்டு எண்ணெயில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத மசகில் நடக்கிறது. வெயில், குளிர், கையை வைத்திருக்கும் நிலை, சுருள்வில்லில் மிச்சமிருக்கும் இறுக்கம் எல்லாம் அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றும். அதனால்தான் நாளுக்கு நாலைந்து விநாடி தப்புகிறது. உள்ளே இருப்பதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு 'இவ்வளவுதான் தப்புகிறதா' என்றுதான் தோன்றியது.

குவார்ட்ஸ் வாட்சில் தாளம் போடுவது ஒரு படிகத் துண்டு. மின்சாரம் பட்டதும் விநாடிக்கு 32,768 முறை அதிரும். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீகோ நிறுவனம் 'அஸ்ட்ரான்' என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 4,50,000 யென். அந்தக் காலத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு சின்னக் கார் வாங்கலாம்! பத்துப் பதினைந்து வருடத்தில் குவார்ட்ஸ் அடிமட்ட விலைக்கு வந்தது. 1970 வாக்கில் சுவிட்சர்லாந்தில் சுமார் 90,000 பேர் கடிகாரத் தொழிலில் இருந்தார்கள். 1980களின் நடுவில் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பிழைத்த நிறுவனங்கள் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டன. மணி காட்டுவதில் இனி ஜெயிக்க முடியாது, வேலைப்பாட்டை விற்கவேண்டும். நாம் இன்று ஆடம்பர வாட்ச் என்று சொல்வதன் பெரும்பகுதி அந்தத் தோல்வியில் பிறந்ததுதான்.

நம் ஊரில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல். இயந்திரத்தில் செய்த டைல் அதைவிட ஒழுங்கானது, விலை குறைவு, வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகைமேல் அச்சு வைத்துக் கையால் வண்ணச் சிமெண்டை ஊற்றுகிறார்கள். சூளையும் கிடையாது. ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அப்புறமும் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பேணவேண்டும், நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும். தெரிந்தேதான் வாங்குகிறோம். மெக்கானிக்கல் வாட்ச் வாங்குகிறவர் மனநிலையும் அதுதான். ஆத்தங்குடிக் கல்லைப் பார்த்து "இதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று கேட்கிறவர் குவார்ட்ஸோடு நிற்பது நல்லது. அதில் குறைவும் ஒன்றுமில்லை. கார்ட்டியே, கிராண்ட் சீகோ போன்றவர்களே உயர்ந்த விலையில் குவார்ட்ஸ் செய்கிறார்கள்.

மெக்கானிக்கலில் இரண்டு வகை. தினமும் கையால் சாவி கொடுப்பது ஒன்று. எச்.எம்.டி. ஜனதா ஞாபகம் இருக்கிறதா? 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் செய்யத் தொடங்கியது, அந்த ஜனதா சாவி கொடுக்கிற வகை. இன்னொன்று ஆட்டோமேட்டிக். உள்ளே அரைவட்டமாக ஒரு கனமான தகடு இருக்கும். கை அசைய அசைய அது சுழன்று சுருள்வில்லை இறுக்கும். சபுராளிகள் (பிழைக்க வெளிநாடு போனவர்கள்) சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் கொண்டுவந்த சீகோ 5 இந்த வகைதான். கழற்றி வைத்தால் ஓர் ஆட்டோமேட்டிக் சாதாரணமாக 38 முதல் 42 மணி நேரம் ஓடும், பிறகு நிற்கும். இப்போது 70, 80 மணி நேரம் ஓடுகிறவையும் வந்துவிட்டன. நின்றால் பழுது என்று பயப்படவேண்டாம். வாட்சின் பக்கவாட்டில் இருக்கும் சின்னத் திருகை இருபது, முப்பது சுற்றுத் திருகிக் கையில் கட்டினால் ஓடும்.

தேதி காட்டுகிற வாட்சில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை 3 மணி வரை தேதியைத் திருகி மாற்றக்கூடாது. நள்ளிரவில் தேதியைத் தள்ளவேண்டிய பல் அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தோடு கோத்து நிற்கும். நாம் வேறு பக்கம் தள்ளினால் பல் உடையலாம். சில புது வாட்சுகளில் இந்தத் தொல்லை இல்லை. இருந்தாலும் பழக்கம் நல்லது. அதைக் கடிகாரத்தின் ராகுகாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு சின்ன விஷயம். பழைய வாட்ச் டயலில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு உள்ளே 17 கெம்பு இருக்கிறது, விலைபோகும் என்று நம்புகிறவர்கள் இன்னமும் உண்டு. கெம்புதான், ஆனால் ஆலையில் செய்தது. அச்சுகள் தேயாமல் சுழல்வதற்கான குழிகள் அவை. கற்களாக எடுத்து விற்றால் ஒன்றும் கிடைக்காது. 17 இருக்கிற இடத்தில் 25 இருந்தால் வாட்ச் உசத்தி என்பதும் இல்லை. ஆட்டோமேட்டிக் என்றால் கூடுதல் உறுப்புகளுக்குக் கூடுதல் கல், அவ்வளவுதான்.

இனி யாரும் கடையில் சொல்லாத பகுதி. செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதே இல்லை. ஐயா காலத்தில் பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் இறக்கி வீடு கட்டிவிட்டார்கள். இன்று ஓடு மாற்றவும் முட்டைச் சுண்ணாம்புப் பூச்சு பார்க்கவும் ஆள் கிடைக்காமல் பங்காளிகள் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறோம். எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது! மெக்கானிக்கல் வாட்சும் அந்த ஜாதிதான். ஐந்து முதல் ஏழு வருடத்துக்கு ஒருமுறை முழுக்கப் பிரித்து, கழுவி, எண்ணெய் மாற்றிக் கோக்கவேண்டும். வருடத்துக்கு 25 கோடி ஆட்டம் என்று சொன்னேனே, எண்ணெய் காய்ந்தபிறகும் அது ஆடிக்கொண்டுதான் இருக்கும், தேய்ந்துகொண்டே. பெரிய பிராண்டுகளில் ஒரு முழு சர்வீஸின் கூலிக்கு ஒரு நல்ல குவார்ட்ஸ் வாட்சே வாங்கிவிடலாம்.

அதனால் வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். முழு சர்வீஸுக்கு இன்றைக்கு என்ன கட்டணம்? வேலையைச் சென்னையிலேயே செய்வீர்களா, மும்பைக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்புவீர்களா? எத்தனை வாரம் ஆகும்? பதில் மழுப்பலாக வந்தால் வாட்ச் எவ்வளவு அழகாக இருந்தாலும் யோசியுங்கள். நம் ஊர் கடைவீதியில் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் கைதேர்ந்தவர்தான், எச்.எம்.டி.யை இருட்டில்கூடக் கோத்துவிடுவார். ஆனால் சுவிஸ் நிறுவனங்கள் பலவும் வெளி ஆட்களுக்கு உதிரிப்பாகம் தருவதில்லை. அவர் என்ன செய்வார், பாவம். ஊரில் இருக்கிறவர் என்றால் மதுரை, திருச்சி, இல்லையென்றால் பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னை என்று மனசில் எழுதிக்கொள்ளுங்கள். பரவலாகப் புழங்கும் ஈ.டி.ஏ., செலிட்டா நிறுவனங்களின் இயந்திரங்கள் உள்ள வாட்ச் என்றால் வெளியே பழுது பார்ப்பதும் எளிது. தன் சொந்த ஆலையில் செய்த இயந்திரம் என்று பெருமையாகச் சொல்வார்கள். பெருமை உண்மைதான், பழுதுக்கும் அதே ஆலையின் தயவு வேண்டும் என்பதும் உண்மை. முதல் வாட்சுக்கு நான் முதல் வகையைத்தான் சொல்வேன்.

அளவு பற்றி. கடையில் எல்லாரும் குறுக்களவைப் பார்ப்பார்கள், 40 மி.மீ., 42 மி.மீ. என்று. அதைவிட முக்கியம் வாட்சின் மொத்த நீளம். ஸ்ட்ராப் மாட்டுகிற இடத்தில் மேலும் கீழும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, மேல்கொம்பு நுனியிலிருந்து கீழ்க்கொம்பு நுனி வரை. அது மணிக்கட்டின் தட்டையான பகுதியைத் தாண்டி வெளியே தொங்கினால் அப்பாவின் செருப்பைப் போட்ட பிள்ளை மாதிரி இருக்கும். மணிக்கட்டைச் சுற்றி நூல் வைத்து அளந்து பாருங்கள். 16, 17 செ.மீ. வந்தால் 36 முதல் 39 மி.மீ. வரை அழகாக உட்காரும். நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு அதுதான் அளவு. பெண்களுக்கு என்று தனியாகக் கல் பதித்த சின்ன வாட்சையே காட்டுவார்கள். 34, 36 மி.மீ. வாட்சைக் கேட்டுக் கட்டிப்பார்ப்பதில் தப்பில்லை. உயரத்தையும் கவனியுங்கள். முழுக்கைச் சட்டை போடுகிறவருக்கு 13 மி.மீ. தாண்டினால் கஃப் உள்ளே நுழையாது. நமக்கு வேட்டியும் அரைக்கைச் சட்டையும்தான் என்றால் இந்தக் கவலை இல்லை.

தண்ணீர். இதில் நான் பட்டிருக்கிறேன். என் முதல் வாட்சில் '30 மீட்டர்' என்று போட்டிருந்தது. ஊருணி எத்தனை ஆழம் இருக்கப்போகிறது, பத்தடி. குதித்தேன். கரையேறியபோது கண்ணாடிக்குள் பனி பிடித்திருந்தது, ஒரு வாரத்தில் முள் துருப்பிடித்தது. அந்த எண், சோதனைக்கூடத்தில் அசையாமல் வைத்து அழுத்தம் கொடுத்துப் பார்த்த கணக்கு. 30 மீட்டர் என்றால் கை கழுவலாம், மழையில் நனையலாம். 50 என்றால் குளிக்கிற அளவு. நீந்த 100 வேண்டும். 200ம் அதற்கு மேலும் முக்குளிப்பவர்களுக்கு. எண் எதுவானாலும் திருகு வெளியே இழுத்தபடி இருந்தால் எல்லாம் வீண். ரப்பர் வளையம் காலப்போக்கில் இறுகிப்போகும் என்பதால் சில வருடத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ளவும்வேண்டும்.

தோல் ஸ்ட்ராப் பார்க்க அழகு. சித்திரை, வைகாசியில் காரைக்குடி வெயிலில் மூன்றே மாதத்தில் நாறிப்போகும். ஸ்டீல் செயினோடு வாங்கிவிட்டுப் பிறகு தோல் ஸ்ட்ராப் தனியாக வாங்கி விசேஷங்களுக்கு மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். செயினைப் பின்னால் தனியாக வாங்கினால் விலை அதிகம். வியர்வையில் உப்பு இருக்கிறது, இரும்புக்கு உப்பு எமன். நல்ல வாட்சுகளில் 316எல் வகை ஸ்டீல் போடுவார்கள், அதில் கலக்கும் மாலிப்டினம் உப்பைத் தாக்குப்பிடிக்க உதவுகிறது. (1953 முதல் அரிமானத்தை ஆராய்ந்துகொண்டிருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி இருக்கிற ஊரில் இதைக்கூடச் சொல்லாமல் விட்டால் எப்படி?) கண்ணாடி சஃபையராக இருக்கட்டும். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படி அது, சாவிக்கொத்து உரசினால் கீறல் விழாது. போன், ஸ்பீக்கர், லேப்டாப் மூடி இவற்றில் உள்ள காந்தம் ஹேர் ஸ்பிரிங்கைப் பாதித்தால் வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடும். பயப்படவேண்டாம், காந்தம் நீக்குவது ஒரு நிமிட வேலை. சிலிக்கான் ஹேர் ஸ்பிரிங் உள்ள வாட்சுக்கு அந்தத் தொல்லை பெருமளவு இல்லை. அப்புறம், சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போகும்போது எந்த வாட்சாக இருந்தாலும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கூடுதல் வசதிகள் என்று ஒரு பட்டியல் வாசிப்பார்கள். நிறுத்துகடிகாரம், நிலாக் காட்டி, இரண்டாம் நாட்டு நேரம். ஒவ்வொன்றும் சர்வீஸ் செலவைக் கூட்டும். சிங்கப்பூரில் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு இரண்டாவது நேரம் காட்டும் ஜி.எம்.டி. முள் ஆசையாக இருக்கும். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி வித்தியாசம். அந்த முள் முழு மணியாகத்தான் தாவும், அரை மணியை நாம்தான் மனசில் கூட்டவேண்டும். முதல் வாட்சுக்கு மூன்று முள்ளும் தேதியும் போதும்.

எந்த விலைக்கு எந்தப் பெயர் என்று கேட்பீர்கள். சுமாராகச் சொல்கிறேன். ஒரு லட்சத்துக்குள் டிசோ, ஹாமில்டன், சீகோவின் பிரசாஜ். ஒன்றரையிலிருந்து மூன்று லட்சம் வரை லாஞ்சின்ஸ், ஓரிஸ் மாதிரி. அதற்கு மேலே டியூடர், கிராண்ட் சீகோ, ஒமேகா, ரோலெக்ஸ் என்று போகும். கிராண்ட் சீகோவை மட்டும் வாங்காவிட்டாலும் ஒருமுறை கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல கொத்தனார் முட்டைச் சுண்ணாம்பில் தேய்த்தெடுத்த தூணில் முகம் நெளியாமல் தெரியுமே, அந்த மாதிரி ஒரு தேய்ப்பு. செய்கூலி எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். கதைக்காக வாங்குகிறவர்களும் உண்டு. டயலைத் திருப்பி மூடிவைக்கிற 'ரிவெர்சோ' என்ற வாட்ச் 1931இல் வந்தது, இந்தியாவில் போலோ விளையாடிய பிரிட்டிஷ் அதிகாரிகளின் வாட்ச் கண்ணாடி உடைந்துகொண்டே இருந்ததால் பிறந்த யோசனை அது. 'சுவிஸ் மேட்' என்ற எழுத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். 2017 முதல் அதற்கு உள்ள விதிப்படி செய்முறைச் செலவில் குறைந்தது 60 சதவீதம் சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்கவேண்டும். மீதி எங்கேயும் இருக்கலாம்.

வாங்கும் இடம். அங்கீகாரம் பெற்ற கடை, பில், முத்திரையிட்ட கேரண்டி அட்டை, அட்டையில் உள்ள எண்ணும் வாட்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருப்பது. இவ்வளவும் வேண்டும். பல பிராண்டுகளில் வாய்விட்டுக் கேட்டால் விலை குறைப்பார்கள், நம் ஊர்க்காரருக்குப் பேரம் பேசச் சொல்லித்தரவேண்டுமா? இரண்டு லட்சம் தாண்டினால் பான் எண் கேட்பார்கள், அந்த அளவு ரொக்கமாகக் கொடுக்கவும் முடியாது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வாட்சுக்கு 2025 ஏப்ரலிலிருந்து 1 சதவீதம் டி.சி.எஸ். (கடைக்காரரே வசூலித்துக் கட்டும் வரி) பிடிக்கிறார்கள், வருமானவரிக் கணக்கில் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம். சிங்கப்பூர் உறவினர் கையில் கட்டிக்கொண்டு வந்தால் வரி இல்லை என்று ஒரு நம்பிக்கை இங்கே பலமாக இருக்கிறது. சலுகை வரம்புக்கு மேல் உள்ள புது வாட்சைச் சுங்கத்தில் சொல்லி வரி கட்டத்தான்வேண்டும். திருச்சி விமான நிலையத்தில் சித்தப்பாவை மாட்டிவிடாதீர்கள். தவணையில் வாங்குவதைப் பற்றி ஒரே வரி: வட்டித் தொழிலில் வளர்ந்த ஊர், வட்டி கட்டி வாட்ச் கட்டுவது பார்க்க நன்றாக இல்லை.

'ஃபர்ஸ்ட் காப்பி' என்று விற்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பழைய வாட்ச் பற்றிப் பேசலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் பழம்பொருள் பார்க்கப் போகிறவர்களுக்குத் தாத்தா காலத்து வாட்ச்மேல் ஆசை வரும், எனக்கும் வந்தது. வேறு ஊர்க் கடை ஒன்றில், கண்ணைப் பறிக்கிற நீல டயலோடு ஒரு பழைய வாட்ச் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் டயலில் எழுத்து கோணல், உள்ளே இயந்திரம் ஒரு கம்பெனி, மூடி இன்னொரு கம்பெனி. டயலுக்குப் புதிதாக வண்ணம் அடித்திருக்கிறார்கள். பழைய வாட்சில் பளிச்சென்று இருப்பதுதான் முதல் சந்தேகம். மங்கி, புள்ளி விழுந்து, ஆனால் எழுத்து கூர்மையாக இருப்பதை எடுங்கள். இருட்டில் ஒளிர்வதற்காக அந்தக் காலத்தில் ரேடியம் பூசினார்கள். ஒளி போயிருக்கும், கதிரியக்கம் போயிருக்காது. அதன் பாதி ஆயுளே சுமார் 1,600 வருடம். நீங்களாகத் திறந்து சுரண்டவேண்டாம். இரண்டாவது, மூன்றாவது வாட்சாகப் பழையது வாங்குங்கள். முதல் வாட்ச் புதியதாக, கேரண்டியோடு இருக்கட்டும்.

பொங்கலுக்கு முன்னாலேயே ஆச்சி மகன் வாங்கிவிட்டான். சுவிஸ் ஆட்டோமேட்டிக், 38 மி.மீ., ஸ்டீல் செயின், சஃபையர் கண்ணாடி, 100 மீட்டர், தேதி உண்டு. பிராண்டைச் சொல்லமாட்டேன், சொன்னால் நாலு பேர் அதையே போய் வாங்குவீர்கள். மூன்று சனிக்கிழமை நாலு கடை ஏறி இறங்கி, ஒவ்வொன்றையும் அரைமணி நேரம் கையில் கட்டிப் பார்த்து, சர்வீஸ் கட்டணத்தை எழுதி வாங்கிக்கொண்டுதான் எடுத்தான். பொங்கலுக்கு வந்தபோது ஆச்சி அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் இரண்டு முறை ஏற்றி இறக்கினாள். "கனமாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

போன வாரம் திங்கட்கிழமை ராத்திரி அவனிடமிருந்து போன்.

"அம்மான், சனிக்கிழமை சாயங்காலம் கழட்டி வெச்சேன். இப்ப எடுத்துப் பாத்தா நின்னுபோச்சு. தேதி வேற தப்பா இருக்கு. கம்பெனிக்குக் கொண்டுபோகவா?"

"முப்பது சுத்து சாவி குடு, ஓடும்."

"தேதி?"

நான் சுவரைப் பார்த்தேன். மணி பத்து அடிக்க ஐந்து நிமிடம்.

"ராகுகாலம்ப்பா. காலையில மாத்திக்க."